மாதிரி எஞ்சினுக்கும் மூச்சு வேண்டும்

கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் செல்லும் சாலையோரங்களில் 'ஏர் வால்வு' என்ற சொல்லை அறியாதவர்கள் குறைவு. குழாயில் தண்ணீர் ஏறும்போது உள்ளிருக்கும் காற்றை வெளியே விடவும், தண்ணீர் வடியும்போது வெளிக்காற்றை உள்ளே விடவும்தான் அது அங்கே நிற்கிறது. வடியும் நேரத்தில் காற்று நுழைய வழி இல்லாவிட்டால் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடம் எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கிருந்து எதையாவது இழுத்துக்கொள்ளும். மண்ணோ சாக்கடை நீரோ, அதற்குப் பேதம் கிடையாது. சுடச்சுட எதையாவது போட்டு இறுக்கி மூடிய எவர்சில்வர் டப்பா ஆறிய பிறகு திறக்க வராமல் அடம்பிடிப்பதும் இதே காரணத்தால்தான். இந்த எளிய உண்மை, வீட்டுப் பட்டறையில் லேத் வைத்துச் செய்யப்படும் சின்ன நீராவி ரயில் எஞ்சினுக்கும் பொருந்தும். ஆனால் அங்கே அது பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

நான் சொல்வது கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் பொம்மையை அல்ல. கரி போட்டு, தண்ணீர் ஊற்றி, ஆட்களை உட்காரவைத்து இழுக்கும் மாதிரி எஞ்சின். பிரிட்டனில் இது ஒரு நூற்றாண்டுக்கும் மேலான கலை. 1898-இல் தொடங்கப்பட்ட 'மாடல் என்ஜினியர்' இதழ் அதற்கு ஒரு பெரிய வாசகர் கூட்டத்தையே உருவாக்கியது. 1920-களில் எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதியவர், இரண்டரை அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடும் 'ஆயிஷா' என்ற தம் குட்டி எஞ்சினைக் கொண்டு, இவ்வளவு சிறிய கொதிகலனும் கரியில் எரிந்து ஒரு மனிதரை இழுக்கும் என்று நிரூபித்தார். அன்றுமுதல் மாதிரி எஞ்சினுக்கு உரைகல், அது வேலை செய்கிறதா என்பதே. அந்த உரைகல்லை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும் என்பதே என் வாதம். நீராவி திறந்திருக்கும்போது எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் நாம், நீராவியை மூடியபின் அது எப்படி உருளுகிறது என்றும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், சிலிண்டருக்குள் வெளிக்காற்றை விடும் ஒரு சிறிய வால்வு இல்லாத மாதிரி எஞ்சின் அரைகுறையாகச் செய்யப்பட்ட எஞ்சின்தான்.

ஓட்டுநர் ரெகுலேட்டரை மூடுகிறார். கொதிகலனிலிருந்து நீராவி வருவது நின்றுவிடுகிறது. ஆனால் வண்டியின் வேகம் சக்கரங்களைச் சுற்றுகிறது, சக்கரங்கள் பிஸ்டன்களை இழுக்கின்றன. இதுவரை எஞ்சினாக இருந்த சிலிண்டர் இப்போது பம்பாக மாறிவிட்டது. பிஸ்டன் நகரும்போது நீராவி அறையில் மிச்சமிருப்பதை உறிஞ்சுகிறது. சில சுற்றுகளிலேயே அந்த அறை வெற்றிடமாகிறது. அடுத்த நொடி, நீராவியைப் பங்கிடும் வால்வு நகர்ந்து, சிலிண்டரை வெளியேறும் பாதையோடு இணைக்கிறது. அந்தப் பாதை எங்கே போகிறது? புகைபோக்கியின் அடியில், புகைப்பெட்டிக்குள் நிற்கும் ஊதுகுழாய்க்கு. கழிவு நீராவி பீறிட்டு வெளியே போக வேண்டிய அந்தக் குழாய் வழியே, புகைப்பெட்டியில் மிதக்கும் சாம்பலும் கரித்துகளும் சூடான வாயுவும் தலைகீழாக உள்ளே பாய்கின்றன. எண்ணெய் பூசிய சிலிண்டர் சுவரில் சாம்பல் படிந்தால் அது சாணைக் குழம்பாகிறது. மறுபடி நீராவியைத் திறக்கும்போது பிஸ்டன் வளையங்கள் அந்தக் குழம்பின் மீதே ஓடுகின்றன. இன்னொரு கேடும் உண்டு. சிறிய எஞ்சின்களில் எண்ணெயை நீராவிக் குழாயில் சொட்டுச் சொட்டாக விடும் கிண்ணம் பொருத்தியிருப்பார்கள். வெற்றிடம் அதையும் விடாது, பல நிமிடங்களுக்கு வர வேண்டிய எண்ணெயை ஒரே மடக்கில் இழுத்துவிடும்.

காற்று வால்வின் வேலை இந்தத் தலைகீழ் மூச்சை நேராக்குவது. நீராவி அறையோடு இணைந்த ஒரு சிறு கூடு, அதற்குள் ஒரு இருக்கை, அதன்மேல் ஒரு எஃகுக் குண்டு, அவ்வளவுதான். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை குண்டு இருக்கையில் இறுகி அமர்ந்து அடைத்துக்கொள்ளும். உள்ளே வெற்றிடம் உண்டானால் வெளிக்காற்று குண்டைத் தூக்கிக்கொண்டு நுழையும். சிலிண்டர் சுத்தமான காற்றை இழுத்து, ஊதுகுழாய் வழியே வெளியே தள்ளும். ஓட்டத்தின் திசை மாறுவதில்லை. புகைப்பெட்டிச் சாம்பல் புகைப்பெட்டியிலேயே கிடக்கும்.

சிலிண்டரில் காற்றைக் கையாளும் சிக்கல் நீராவி எஞ்சினோடு கூடவே பிறந்தது. 1712-இல் இங்கிலாந்தின் டட்லி அருகே சுரங்கத்துத் தண்ணீரை இறைக்க தாமஸ் நியூகோமன் நிறுவிய எஞ்சினில், நீராவியோடு சேர்ந்து வந்த காற்று சிலிண்டரில் தங்கிவிடும். குளிர்ந்த நீரைப் பீய்ச்சினால் நீராவி நீராகிவிடும், காற்று ஆகாது. அது சேரச் சேர எஞ்சின் திணறி நின்றுவிடும். அதை ஒவ்வொரு வீச்சிலும் வெளியேற்ற ஒரு சிறு வால்வு வைத்தார்கள். சளி பிடித்தவர் மூக்கை உறிஞ்சுவது போல அது சத்தம் போட்டதால் ஆங்கிலேயர்கள் அதற்கு 'ஸ்னிஃப்டிங்' வால்வு என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்து ரயில் எஞ்சினில் அதே பெயர், காற்றை உள்ளே விடும் வால்வுக்கு ஒட்டிக்கொண்டது. வேலை தலைகீழ், பெயர் ஒன்றே. நைஜல் கிரெஸ்லி வடிவமைத்து 1923-இல் ஓடத் தொடங்கிய 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்' எஞ்சினின் புகைபோக்கிக்குப் பின்னால் அந்த வால்வு இருந்தது. இன்னொரு ரயில் பொறியாளரான ரிச்சர்ட் மான்செலின் எஞ்சின்களில் புகைபோக்கியின் பின்புறம் இரு பக்கமும் இரண்டு சிறு குமிழ்களாக அவை துருத்திக்கொண்டிருக்கும். படத்தைப் பார்த்து மாதிரி செய்கிறவர்கள் அந்தக் குமிழ்களைக் கடைந்து ஒட்டுவதுண்டு, உள்ளே துளை போடாமல்.

ஏன் துளை போடுவதில்லை என்று கேட்டால் முதலில் வரும் பதில், "இவ்வளவு சிறிய எஞ்சினுக்கு எதற்கு?" என்பது. அளவு சுருங்கினால் சிக்கலும் சுருங்கும் என்ற நம்பிக்கை இதில் இருக்கிறது. ஆனால் சாம்பல் துகள் சுருங்குவதில்லை. பெரிய எஞ்சினின் சிலிண்டர் விட்டம் சுமார் 500 மி.மீ. என்றால், 5 அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் மாதிரியில் அது சுமார் 40 மி.மீ. இரண்டிலும் வந்து விழுவது அதே கரியின் அதே துகள். குட்டி சிலிண்டருக்கு அது ஒப்பளவில் 12 மடங்கு பெரிய கல். இழுக்கப்படும் பாரமும் சுருங்குவதில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆறேழு பேர் மாதிரி மனிதர்கள் அல்லர், முழு எடையுள்ளவர்கள். பெட்டிகளோடு சேர்த்து அரை டன் பாரம் சரிவில் உருளும்போது, ரெகுலேட்டர் மூடிய எஞ்சினின் பிஸ்டன்களை அது சளைக்காமல் இழுத்துக்கொண்டே போகும். சுருங்கியது சிலிண்டர் மட்டும்தான். அதைத் தேய்க்கும் துகளும் அதை இழுக்கும் பாரமும் நிஜ உலகத்தின் அளவிலேயே இருக்கின்றன. ஆகவே இந்த வால்வு பெரிய எஞ்சினைவிடச் சிறியதற்கே அதிகம் தேவை என்று சொல்வேன்.

இரண்டாவது பதில் கொஞ்சம் நுட்பமானது. பல மாதிரிகளில் நீராவியைப் பங்கிடுவது தட்டையான ஸ்லைடு வால்வு. நீராவியின் அழுத்தம்தான் அதைத் தன் முகத்தோடு அழுத்தி வைத்திருக்கிறது. நீராவி நின்று, மேலே வெற்றிடமானால், அது தானாகவே முகத்தைவிட்டு எழும்பும், வெற்றிடமும் நீங்கிவிடும். பின்னே தனி வால்வு எதற்கு? வெற்றிடம் நீங்குவது உண்மை. எந்த வழியாக நீங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எழும்பிய ஸ்லைடு வால்வின் அடியில் இருப்பது வெளியேறும் பாதை. அதன் மறுமுனை புகைப்பெட்டி. அதாவது சாம்பல் கலந்த வாயு, மிக நேர்த்தியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்ட அந்த இரு முகங்களுக்கு நடுவே நுழைந்துதான் வெற்றிடத்தை நிரப்புகிறது. வால்வு மறுபடி அமரும்போது அந்தத் துகள்களின் மீதே அமர்கிறது. சிலிண்டர் தேய்வதைக்கூடப் பொறுக்கலாம். வால்வு முகம் கீறல் பட்டால் நீராவி எந்நேரமும் கசிந்துகொண்டே இருக்கும். இந்த வாதம் காற்று வால்வுக்கு எதிரானதாகத் தோன்றினாலும், உண்மையில் அதற்கு ஆதரவான மிக வலுவான சாட்சி.

மூன்றாவது மறுப்பை அலட்சியம் செய்ய முடியாது, ஏனென்றால் அதைச் சொன்னவர்கள் பெரிய ரயில்வேக்களின் பொறியாளர்கள். பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே இந்த வால்வை நம்பவில்லை. உருளும்போதும் ரெகுலேட்டரை ஒரு மயிரிழை திறந்து வைத்து, நீராவியும் எண்ணெயும் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும்படி தன் ஓட்டுநர்களைப் பழக்கியது. மான்செல் பொருத்திய வால்வுகளை அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஆலிவர் புல்லிட் கழற்றச் செய்தார். இந்த வால்வுக்கு எதிராகச் சொல்லப்படும் காரணம் நியாயமானது. மிகச் சூடான நீராவியில் ஓடும் சிலிண்டருக்குள் காற்று வந்தால், அதிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயைக் கரியாக்கிவிடும். அந்தக் கரி வால்வின் வளையங்களைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அவர்கள் வழியில் எண்ணெய் கரியாகாமல் காப்பது உள்ளே போய்க்கொண்டிருக்கும் நீராவிதான். அந்த நீராவியையும் அடைத்துவிட்டு, காற்று வால்வும் வைக்காமல் விட்டால் உள்ளே வருவது என்ன? ஆக்சிஜன் இன்னும் மிச்சமுள்ள, சாம்பலும் கலந்த, சூடான புகைப்பெட்டி வாயு. மாதிரி எஞ்சினின் முன் இருக்கும் தேர்வு, நீராவியா காற்றா என்பதைவிட, சுத்தமான குளிர்ந்த காற்றா அழுக்கான சூடான காற்றா என்பதுதான்.

சரி, கிரேட் வெஸ்டர்ன் போல நாமும் மயிரிழை திறந்து வைக்கலாமே என்றால், அதற்கு அந்த ரயில்வேயின் ஓட்டுநர் வேண்டும். கரி அள்ளுவதிலிருந்து படிப்படியாக உயர்ந்து, ஒரே வகை எஞ்சினில் ஆண்டுக்கணக்கில் கைப்பழகியவர் அவர். மாதிரி எஞ்சினின் கைப்பிடி விரல் நீளம். கொஞ்சம் அதிகம் திறந்தால் ஓடும், கொஞ்சம் குறைத்தால் மூடிக்கொள்ளும். நடுவே அந்த மயிரிழையை நிறுத்துவது பல எஞ்சின்களில் நடக்காத காரியம். ஒரு சங்கத்தின் தண்டவாளத்தில் ஒரே நாளில் பலர் மாறி மாறி ஓட்டுவார்கள். பின்னால் குழந்தைகள் உட்கார்ந்திருக்கும்போது, ஆபத்து என்றால் ரெகுலேட்டரை முழுவதும் மூடு என்ற ஒரே பழக்கம் கையில் ஊறியிருப்பது நல்லது. பாதுகாப்புக்காக மூடும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் கெட்டுப்போகும் என்றால், அந்த எஞ்சினின் அமைப்பில்தான் குறை.

சிலிண்டர் காற்றை இழுப்பது குற்றமல்ல, முறையாக விட்டால் அது பணியாள் என்பதற்கு நம் நீலகிரியைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பற்சக்கரப் பாதையில் சுமார் 12-க்கு 1 என்ற சரிவில் இறங்கும் எக்ஸ் வகை எஞ்சின்களில் கை பிரேக்கும் வாக்குவம் பிரேக்கும் போக, ரிகன்பாக் எதிரழுத்த பிரேக்கும் உண்டு. சுவிட்சர்லாந்தில் 1871-இல் ரிகி மலைக்கு ரயில் விட்ட நிக்லாஸ் ரிகன்பாக்கின் பெயர் அது. இறங்கும்போது நீராவியை மூடிவிட்டு, சிலிண்டர்களை வெளிக்காற்றை இழுத்து அமுக்கும் பம்புகளாக்குகிறார்கள். அமுக்கப்பட்ட காற்றை ஒரு வால்வு வழியே அளவாக விட்டு, ரயிலின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். சூடேறாமலிருக்கச் சிறிது நீரும் விடப்படுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, இழுக்கப்படும் காற்று புகைப்பெட்டியிலிருந்து வராதபடி அந்தப் பாதையை அடைத்து, வெளிக்காற்றுக்குத் தனி வாய் வைத்திருப்பது. மலையிறங்கும் ரயிலின் உயிரே அதில் இருப்பதால் அங்கே யாரும் அதை வேண்டாத பாகம் என்று விட்டுவிடவில்லை. இந்த வகை எஞ்சின்களைத் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை இந்த நூற்றாண்டில் புதிதாகக் கட்டியிருக்கிறது. நீலகிரி எஞ்சினுக்கு மாதிரி செய்ய யாராவது முன்வந்தால், அவர் இந்தக் காற்று வழியை விட்டுவிட்டுப் பற்சக்கரத்தை மட்டும் செய்தால் இறங்கும் பாதியை விட்டுவிட்டார் என்றே சொல்வேன்.

இனி எங்கே பொருத்துவது. கிரெஸ்லி வைத்தது, கொதிகலனிலிருந்து வரும் நீராவி, அதை மேலும் சூடேற்றும் குழாய்களுக்குள் நுழைவதற்கு முந்தைய இடத்தில். காற்று அந்தக் குழாய்கள் முழுவதும் ஓடி, நீராவி நின்ற நேரத்தில் அவை பழுக்கக் காயாமல் காக்கும் என்பது அதன் நயம். ஆனால் அதே காற்று அங்கே சூடேறி, சிலிண்டரில் எண்ணெயைச் சந்திக்கும். இந்த வால்வை எதிர்த்தவர்கள் அஞ்சியது இதைத்தான். மாதிரிகளில் இப்போது அந்தக் குழாய்களைத் துருப்பிடிக்காத எஃகில் செய்கிறார்கள்; சிறிது நேரச் சூட்டை அவை தாங்கும். ஆகவே சூடேற்றும் குழாய்களுக்கு அப்பால், இரண்டு சிலிண்டருக்கும் நீராவி பிரிந்து போகும் குழாயிலோ நீராவி அறையின் அடியிலோ வைப்பதே மாதிரிக்குச் சரி என்பது என் முடிவு. காற்று நேராக, குளிர்ந்தே உள்ளே வரும். வால்வு செங்குத்தாக, குண்டு இருக்கையின் மேல் தன் எடையால் அமரும்படி இருக்க வேண்டும். சிலர் இதைக் கவிழ்த்து, சாதாரண நேரத்தில் குண்டு கீழே விழுந்து திறந்திருக்கும்படியும், நீராவி வந்து அதை மேலே தூக்கி அடைக்கும்படியும் வைப்பார்கள். பெரிய எஞ்சினில் அது சரிவரும். மாதிரியில் ரெகுலேட்டரை மெல்லத் திறந்தால் குண்டைத் தூக்கப் போதிய வேகம் இல்லாமல், நீராவி அதைச் சுற்றிக்கொண்டே வெளியே போய்விடும். வாய் தண்டவாளத் தூசியைப் பார்த்தபடி இருந்தால் ஒரு வலை கட்டாயம். கூட்டுக்குக் கன்மெட்டல் நல்லது. ரெகுலேட்டர் திறந்ததும் கொதிகலனின் முழு அழுத்தமும் அதன்மேல் வரும் என்பதால், கொதிகலனுக்குச் செய்வது போலவே இதற்கும் தண்ணீர் அழுத்தச் சோதனை செய்துவிடுவது முறை.

பொருத்தியும் பயனில்லை என்று சொல்பவர்கள் பலர் தவறுவது அளவில். 40 மி.மீ. விட்டமும் 60 மி.மீ. வீச்சும் உள்ள இரட்டை சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒரு வீச்சுக்குச் சுமார் 75 கன செ.மீ.; பிஸ்டனின் இரு பக்கமும், இரண்டு சிலிண்டரும் சேர்த்தால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு 300 கன செ.மீ. சக்கரம் 130 மி.மீ. விட்டம் என்றால், மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு ஆறு முறை சுற்றும். அதாவது நொடிக்கு 1.8 லிட்டர் காற்று வேண்டும். தண்ணீர் பம்புக்குப் பழகிய கையோடு இதற்கும் 3.2 மி.மீ. துளை போட்டால், காற்று அதில் நொடிக்கு 225 மீட்டர் வேகத்தில் பாய வேண்டியிருக்கும்; ஒலியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மூக்கடைத்தவர் ஓடுவது போலத்தான் அந்த எஞ்சின் ஓடும். துளையை 8 மி.மீ. ஆக்கினால் வேகம் 36 மீட்டராகக் குறைகிறது, உள்ளே உண்டாகும் வெற்றிடம் வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதன்மேல் அமரும் 10 மி.மீ. எஃகுக் குண்டின் எடை சுமார் 4 கிராம். அதைத் தூக்கவும் ஏறத்தாழ அதே நூறில் ஒரு பங்கு போதும். குண்டு எழும்ப வேண்டிய உயரம் துளை விட்டத்தில் குறைந்தது கால் பங்கு, அதாவது 2 மி.மீ. அதற்குக் குறைந்தால் பெரிய துளை போட்டதில் பயனில்லை.

அழகு கெடுகிறது என்பது கடைசி மறுப்பு. அசல் எஞ்சினில் இல்லாத ஒன்றை மாதிரியில் வைப்பது துரோகம் என்று கருதுபவர்கள் இருக்கிறார்கள். அந்த மனப்பான்மையை நான் மதிக்கிறேன், ஏனென்றால் ரிவெட்டு எண்ணிக்கைவரை சரிபார்க்கும் அந்தப் பிடிவாதம்தான் இந்தக் கலையை வளர்த்தது. அவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. இரு பக்கச் சட்டங்களுக்கு நடுவே, சிலிண்டர்களுக்கு இடையில் ஒரு கட்டைவிரல் அளவு வால்வைத் தொங்கவிட்டால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. வரைபடங்களை விற்பவர்களும் சங்கங்களும் அதைப் படத்திலேயே வரைந்து கொடுத்துவிட்டால், 'விருப்பம் இருந்தால் செய்யலாம்' என்ற நிலையிலிருந்து இந்தப் பாகம் விடுதலை பெறும். முடித்த எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து, ரெகுலேட்டரை மூடி, திசைமாற்றும் நெம்புகோலை முழுதாக முன்னே தள்ளி, புகைப்பெட்டிக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் எஞ்சினைக் கையால் தள்ளட்டும். வால்வின் வாயருகே பிடித்த மெல்லிய தாள் ஒவ்வொரு வீச்சுக்கும் உள்ளே இழுபட வேண்டும். ஊதுகுழாயின் வாயில் பிடித்த தாள் வெளிப்பக்கமாகவே படபடக்க வேண்டும். அது உள்ளே ஒட்டிக்கொண்டால் வால்வைக் கழற்றி, துளையை இன்னும் பெரிதாக்க வேண்டும்.